எழுத்தும் கணினியும் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பயிற்சி

பள்ளிக்குக் கருவி வாங்க நிதி ஒதுக்குவது எளிது. அக்கருவியைக் கையாளும் ஆசிரியரை உருவாக்குவது நெடும்பணி. கணினியும் கைபேசியும் எழுதுகோலுக்கு இணையாகிவிட்ட இந்நாளில், இங்குக் கூடியுள்ள மாணவர்களும் அலுவலர்களும் இதனைச் சிந்திப்பது நலம்.

இத்துறையில் நாட்டின் அனுபவம் புதிதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிக் கல்விச் சோதனை ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் நடைபெற்றது. அதன் ஒரு பகுதியாக, ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அறிவியல் கற்பிப்பதில் பயிற்சி பெற்றனர். தொலைக்காட்சியுடன் வானொலியும் அச்சிட்ட பாடங்களும் செய்முறைகளும் அப்பயிற்சியில் இணைக்கப்பட்டிருந்தன. கண்டதைக் கையால் செய்து பார்க்கும் வாய்ப்பு இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

2019 ஆகஸ்டில் தொடங்கிய 'நிஷ்டா' திட்டம், ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் முதலிய சுமார் 42 இலட்சம் பேருக்குப் பயிற்சியளிக்க முற்பட்டது. பெருந்தொற்றுக் காலமான 2020-இல் அது 'தீக்‌ஷா' தளத்தின் வழியே இணையத்துக்கு மாறியது. அவ்வாண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுதோறும் குறைந்தது 50 மணி நேரம் தொடர்பயிற்சி பெற வேண்டும் என்கிறது. 42 இலட்சம் பேருக்குக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 21 கோடி மணி நேரம். இவ்வளவு மனித உழைப்பும் காணொளி பார்த்துச் சான்றிதழ் பெறுவதோடு முடிந்தால், அது பெரும் இழப்பாகும்.

எழுத்தைக் கற்பிப்பவர் தாமே எழுதியவராக இருத்தல் இன்றியமையாதது. சான்றாக, பயிற்சிக்கு வரும் ஆசிரியர் தம் ஊர் ஏரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். படம் எடுத்து விளக்கம் சேர்க்கலாம். தகவல் கிடைத்த இடத்தைக் குறிப்பிடலாம். உடன் பயில்பவர் பிழை சுட்ட, அவர் திருத்தி எழுத வேண்டும். பின்னர் அதே பணியை வகுப்பில் நடத்தி, மாணவர் தடுமாறிய இடங்களை அடுத்த கூட்டத்தில் விவாதிக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. காலமும் தொடர்ச்சியுமே தேவை.

கட்டுரையைக் கணினியே இயற்றித் தரும் காலம் வந்துவிட்டது. அதை அப்படியே ஒப்படைக்கும் மாணவனிடம், "இந்தச் செய்தி எங்கே கிடைத்தது? இந்தச் சொல்லை ஏன் தேர்ந்தாய்?" என்று ஆசிரியர் கேட்க வேண்டியுள்ளது. தாம் எழுதி, அடித்து, மீண்டும் எழுதிய ஆசிரியருக்கே அக்கேள்விகள் இயல்பாக எழும்.

எனவே, பயிற்சியின் பயனை அளக்கும் அலுவலர், வருகைப் பதிவேட்டுடன் ஆசிரியரின் திருத்திய கையெழுத்துப் படியையும் கேட்டுப் பார்ப்பாராக.