பாட்டிலில் ஏறிய தண்ணீர்

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குப் பெயர் தந்த பெரியவரை நான் இரண்டு முறைதான் சந்தித்திருக்கிறேன். இரண்டு முறையும் நான் சொன்னதை மறுத்தார். இரண்டாம் முறை காபி வாங்கிக் கொடுத்துவிட்டு மறுத்தார். ஆகவே அவர் பெயரில் நடக்கும் மேடையில் ஒரு பழைய சண்டையை எடுத்துவைப்பது அவருக்கு மரியாதைக் குறைவாகாது. அழைத்தவர்களுக்கு நன்றி.

சண்டை இன்னதென்று முதல் வரிசையில் இருக்கும் மூவருக்குத் தெரியும். அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’ நாடகத்தை முதுகலை வகுப்புகளுக்கு நாங்கள் முப்பது ஆண்டுகளாக மாற்றி மாற்றி நடத்தினோம். அவர்கள் கட்சி இது: கஞ்சத் தகப்பனால் குடும்பம் கெட்டது. பிரசவத்துக்குப் பின் மலிவான டாக்டரைக் கூப்பிட்டான், மனைவி மார்ஃபினுக்கு அடிமையானாள். ஊர் ஊராக ஓட்டல் அறைகளில் வளர்த்தான், மூத்தவன் குடிகாரனானான். இளையவனுக்குக் காசநோய் என்று தெரிந்ததும் செலவு குறைந்த அரசாங்க விடுதிக்கு அனுப்பப் பார்த்தான். வினாத்தாளிலும் இதையே கேட்பார்கள், மாணவர்களும் இதையே எழுதி மதிப்பெண் வாங்குவார்கள். என் கட்சி வேறு. கஞ்சத்தனம் என்பது அந்த வீட்டார் தங்களுக்குச் சொல்லிக்கொண்ட விளக்கம். நோயாளியின் வீட்டில் இருப்பவர் சொல்லும் காரணத்தை நோயின் காரணமாக எழுதிக்கொள்கிற மருத்துவர் உண்டா? இலக்கியப் பேராசிரியர்கள் எழுதிக்கொண்டோம்.

முதலில் சில தகவல்கள், ஏனென்றால் நாடகத்தில் வரும் டைரோன் குடும்பம் ஓநீலின் சொந்தக் குடும்பம்தான். ஓநீல் 1888 அக்டோபர் 16இல் நியூயார்க்கில் ஒரு ஓட்டலில் பிறந்தார். தாய் எல்லாவுக்கு அந்தப் பிரசவத்தை ஒட்டித்தான் மார்ஃபின் தரப்பட்டது. அந்தக் காலத்து அமெரிக்காவில் மார்ஃபின் மருந்துப் பெட்டியில் இருந்த சாதாரணச் சரக்கு. நாடு முழுமைக்குமான கட்டுப்பாடு 1914இன் கடைசியில் ஹாரிசன் சட்டத்தோடுதான் வந்தது. ஏழை டாக்டரும் ஊசி போட்டார், பணக்கார டாக்டரும் போட்டார். தகப்பன் பத்து மடங்கு பீஸ் கொடுத்திருந்தாலும் அதே ஊசிதான் ஏறியிருக்கும். டாக்டர் மலிவானவர் என்ற குற்றச்சாட்டு நாடகத்தில் யார் வாயிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அந்த மருந்தை விட முடியாமல் தவிக்கிற மனைவியின் வாயிலிருந்து, அவளைக் கேட்டு மகன்களின் வாயிலிருந்து. அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. நமக்கு ஏன் வேண்டும்?

இனி பாட்டிலுக்கு வருகிறேன். இதை நான் பல கருத்தரங்குகளில் சொல்லத் தொடங்கி, நேரம் போதாமல் விட்டிருக்கிறேன். இன்று விடப்போவதில்லை.

நாடகம் நடப்பது 1912 ஆகஸ்டில் ஒரு பகல், ஒரு இரவு. இடம் கனெக்டிகட் மாநிலத்தில் கடலோர நியூ லண்டன். மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலைக்காரப் பெண் கேத்லீன் விஸ்கி பாட்டிலைக் கொண்டுவந்து வைக்கிறாள். இளையவன் எட்மண்ட் திருட்டுத்தனமாக ஒரு மடக்கு குடிக்கிறான். அண்ணன் ஜேமி வருகிறான், பார்த்ததும் புரிந்துகொள்கிறான், தானும் ஊற்றிக்கொள்கிறான். பிறகு இரண்டு பங்கு தண்ணீரை அளந்து பாட்டிலில் விட்டுக் குலுக்கி, இருந்த இடத்திலேயே வைக்கிறான். அப்பா இதற்கு ஏமாறுகிறவர் அல்ல என்கிறான் தம்பி. ஏமாறமாட்டார், ஆனால் நிரூபிக்கவும் முடியாது என்கிற பாணியில் பதில் வருகிறது. தகப்பன் ஜேம்ஸ் டைரோன் வந்ததும் கண் முதலில் பாட்டிலுக்குத்தான் போகிறது. மட்டம் பார்க்கிற கண். பார்த்துவிட்டு என்ன செய்கிறார்? சாப்பாட்டுக்கு முன் ஒரு மடக்கு உடம்புக்கு நல்லது என்று சொல்லி, நுரையீரல் கெட்ட மகனுக்கும் ஊற்றித் தருகிறார்! சாராயத்தைப் பூட்டிவைக்கிற அதே கை. ஜேமி குழந்தையாக இருந்தபோது கெட்ட கனவு கண்டு அழுதாலும், வயிறு வலித்தாலும் ஒரு ஸ்பூன் விஸ்கி கொடுத்துத் தூங்கவைத்த கையும் அதுதான். மனைவி அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

இந்த இடத்தில் வகுப்பில் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பிராந்தி பாட்டிலின் லேபிள் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இருக்கும். அப்பா போட்டது. மகன் என்னோடு படித்தவன். தண்ணீர் ஊற்றினால் நிறம் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும் என்று டீ டிகாஷன் விடுவான். ஒரு கட்டத்தில் அவன் அப்பா பிராந்தி என்று குடித்ததில் பாதி டீ. அவர் அறியாமலா குடித்தார்? ஒரு நாள்கூட அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. அந்தப் பென்சில் கோடு ஒன்றுதான் இருவருக்கும் இடையில் நடந்த கடிதப் போக்குவரத்து.

டைரோன் வீட்டிலும் அதுவே நடக்கிறது. ஆனால் என் மறுப்பாளர்கள் தவறவிடுகிற காட்சி மூன்றாம் அங்கத்தில் இருக்கிறது. தகப்பனும் மகன்களும் வெளியே போயிருக்கிறார்கள். மருந்து ஏறிய தாய் மேரிக்குத் தனிமை தாங்கவில்லை. கேத்லீனை உட்காரவைத்துத் தன் கன்னிமாடப் பள்ளி நாட்களைப் பற்றிப் பேசுகிறாள், அவள் எழுந்து போகாமலிருக்க விஸ்கி குடிக்கவைக்கிறாள். ஐயா மட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாரே என்று கேத்லீன் பயப்படுகிறாள். மேரி அலட்டிக்கொள்ளாமல், ஜேமியின் தந்திரத்தையே செய்துவிடலாம், கொஞ்சம் தண்ணீரை அளந்து விடு என்கிறாள். பிற்பாடு டைரோன் ஒரு வாய் குடித்ததும் தண்ணீர் கலந்ததைக் கண்டுபிடிக்கிறார்.

கவனியுங்கள். அந்த வீட்டில் ஒரே குடிகாரன், ஒரே நோயாளி, ஒரே காவலாளி என்று பிரிக்க முடியாது. மூன்று ஆண்களும் மேரியைக் கண்காணிக்கிறார்கள். மாடியில் காலடிச் சத்தம் கேட்டால் மூன்று தலையும் நிமிர்கிறது. மேரி, தன்னைக் கண்காணிக்கிறார்களா என்று அவர்களைக் கண்காணிக்கிறாள். தகப்பன் பாட்டிலைக் கண்காணிக்கிறார், மகன் பூட்டைக் கம்பி விட்டுத் திறந்துபார்க்கிறான். வேலைக்காரப் பெண்ணுக்கும் மட்டம் தெரியும். போதை ஒரு வீட்டுக்குள் வந்தால் ஆளுக்கொரு வேலையைக் கொடுத்துவிடுகிறது. தகப்பனுக்குக் காவல்காரன் வேலை, மகனுக்குக் கள்ளன் வேலை. இருவரும் அதில் திறமைசாலிகள் ஆகிறார்கள், வேறு எதையும் பேசிக்கொள்ளத் தெரியாமல் போகிறது. தந்தை மகன் மனக்கசப்பு போதைக்குக் காரணம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது போதை கொடுத்த உத்தியோகம் என்கிறேன் நான். எங்கள் சண்டை முழுவதும் இவ்வளவுதான். இதற்கு முப்பது வருடம் ஆனது.

நான்காம் அங்கத்தின் மின்விளக்குகளைச் சொல்லாமல் போனால் முதல் வரிசை என்னை விடாது. ஹாலில் எரியும் விளக்குக்காகத் தகப்பனும் எட்மண்டும் சண்டையிடுகிறார்கள். கோபத்தில் தகப்பன் சரவிளக்கின் மூன்று பல்புகளையும் போடுகிறார். எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போ, செலவைப் பற்றிக் கவலைப்படாதே என்கிறார், உடனே ஒரு வரம்பையும் சேர்த்துக்கொள்கிறார். அதே பேச்சில் தன் பிள்ளைப்பருவம் வருகிறது. தன் தகப்பன் குடும்பத்தை விட்டுவிட்டு அயர்லாந்துக்குத் திரும்பிப் போய் அங்கே செத்தது, பத்து வயதில் இயந்திரப் பட்டறையில் வாரத்துக்கு ஐம்பது சென்ட் கூலிக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தது. பெரிய நடிகர் எட்வின் பூத் தன்னைப் பாராட்டிய சொற்களைத் தாளில் எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்திருந்தாராம். அந்தத் தாள் இப்போது வீட்டில் எங்கோ இருக்கிறது. பேசி முடித்தபின் பல்புகளை ஒவ்வொன்றாக அணைக்கட்டுமா என்று மகனிடம் கேட்கிறார். மகன் சரி என்கிறான். இந்த ஒரு ‘சரி’யைக் கஞ்சத்தனக் கட்சியால் விளக்க முடியாது. விளக்கட்டும், உட்கார்ந்து கேட்கிறேன்.

இனி வேகமாகப் போக வேண்டும், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நண்பர்களின் வலுவான ஆயுதம் மூத்தவன் ஜேமியின் வாழ்க்கை. நிஜத் தகப்பன் ஜேம்ஸ் ஓநீல் 1920 ஆகஸ்டில் இறந்தார். அதன்பின் ஜேமி குடியை விட்டு, தாயைப் பார்த்துக்கொண்டார். தகப்பன் போனதும் நோய் போனது, ஆகவே தகப்பனே நோய் என்பார்கள். சரி, 1922 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் தாய் சாகும் தறுவாயில் ஜேமி மறுபடி குடித்தாரே? தாயின் உடலோடு ரயிலில் நியூயார்க் வந்தபோது குடித்தபடியே வந்தாரே? 1923இல் 45 வயதில் இறந்தாரே? அந்த இடைவெளியில் அவருக்கு வேறு வேலை கிடைத்திருந்தது, அவ்வளவுதான். தாய் எல்லா 1914இலேயே ஒரு கன்னிமாடத்தில் தங்கி மார்ஃபினை விட்டுவிட்டார் என்பதும் நாடகத்தில் இல்லை. நாடகம் 1912இல் நின்றுவிடுகிறது.

ஓநீல் 1926இல் குடியை ஏறக்குறைய விட்டார். 1936இல் நோபல் பரிசு பெற்றார். இந்த நாடகத்தை 1941இல் முடித்தார். தன் மரணத்துக்குப் பின் 25 ஆண்டுகள் வெளியிடக் கூடாதென்று முத்திரையிட்டு வைத்தார். 1953இல் இறந்தார், 1956லேயே ஸ்டாக்ஹோமில் மேடையேறிவிட்டது. செத்த தகப்பனை மன்னித்து எழுதிய அதே மனிதரின் மூத்த மகன், கிரேக்க லத்தீன் இலக்கிய அறிஞர், 1950இல் தற்கொலை செய்துகொண்டார். இரண்டாம் மகன் ஷேன் ஹெராயினுக்கு அடிமையாகி 1977இல் அதே வழியில் போனார். 18 வயதில் சார்லி சாப்ளினை மணந்த மகள் ஊனாவைத் தகப்பன் ஒதுக்கிவைத்தார். ஓநீல் மலிவான டாக்டரைக் கூப்பிட்ட கஞ்சர் அல்லவே!

மீதியைத் தலைப்புகளாகவே சொல்கிறேன். நாடகத்தில் இறந்த குழந்தைக்கு ஆசிரியர் தன் பெயரான யூஜினையே வைத்து, தனக்கு இறந்த அண்ணனின் பெயரான எட்மண்டைச் சூட்டிக்கொண்டார். இதை யாராவது முறையாக எழுத வேண்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கிய ஆல்-அனான் குழுக்களில் தந்தைமார் எத்தனை பேர் பேசுகிறார்கள், தாய்மாரையும் மனைவியரையும் விடக் குறைவாகவா என்று நம் ஊரில் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு மனநல மருத்துவத் துறையோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அவர்கள் எங்களை நாற்காலியில் உட்காரவைப்பதே இல்லை. நாடகத்தைச் சுருக்காமல் தமிழில் மேடையேற்றவும் வேண்டும். கேத்லீன் வரும் மூன்றாம் அங்கத்தைத்தான் எல்லாரும் முதலில் வெட்டுவார்கள். அதை வெட்ட வேண்டாம் என்று யாராவது இயக்குநரிடம் சொல்லிவிடுங்கள்.