கண்ணுக்குப் புலனாகாத குறி

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையிற் பொங்கியெழுந்த கடல், மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களுட் புகுந்து பேரழிவு செய்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். உறவினரைத் தேடியோர் முகாம்தோறும் வைத்தியசாலைதோறும் பெயர்ப் பட்டியல்களையே நாடி நின்றனர். இத்தேவையை உணர்ந்த இலங்கைக் கணினி வல்லுநர் தொண்டர்களாய்த் திரண்டு, காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்தற்கு ‘சகன’ என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும்.

இரு பட்டியல்களை ஒப்பிடுதல் எளிய பணிபோலத் தோன்றும். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த யூனிக்ஸ் முறைமையில், தேடுதற்குக் ‘கிரெப்’, வரிசைப்படுத்துதற்குச் ‘சோர்ட்’, ஒப்பிடுதற்குக் ‘கொம்’ எனச் சிறு கருவிகள் பல உள. 1995இல் தோன்றிய ‘சிக்வின்’ இத்தகைய கருவிகளை விண்டோஸ் கணினிக்குக் கொணர்ந்தது. 2016இல் மைக்ரோசொப்ட் நிறுவனமும் லினக்ஸ் கருவிகளை விண்டோசினுள் இயக்க வழி செய்தது. ஆயினும் இரு மரபுகள் கூடுமிடத்திற் பிழையும் கூடுகின்றது.

கல்முனையில் ஓர் அலுவலகத்திலே காணாமற் போனோர் பட்டியல் ஒன்றும், முகாமில் உள்ளோர் பட்டியல் ஒன்றும் இருப்பதாகக் கொள்க. இரண்டிலும் ‘பாத்திமா’ என்ற பெயர் உண்டு. திரையில் இரண்டும் ஒன்றே. கருவியோ ஒத்த பெயர் இல்லை என்கின்றது. காரணம் யாது?

தொலைத்தட்டச்சுப் பொறியில் வரியின் தொடக்கத்துக்கு மீள்வது ஒரு செயல். தாளை அடுத்த வரிக்கு நகர்த்துவது மற்றொரு செயல். இரண்டுக்கும் இரு குறிகள் இருந்தன. விண்டோஸ் மரபு இரண்டையும் வைத்துக்கொண்டது. யூனிக்ஸ் மரபு பின்னதை மாத்திரமே கொண்டது. ஆகவே விண்டோசில் எழுதிய பெயரின் வாலில் ஒரு மிகைக்குறி ஒட்டி நிற்கின்றது. கண் அதனைக் காண்பதில்லை. கருவியோ அதனையும் பெயரின் ஓர் எழுத்தாகவே எண்ணுகின்றது. ‘ஃபைல்’ என்னும் கட்டளை வரிமுடிவின் வகையைத் தெரிவிக்கும். ‘டொஸ்-டு-யூனிக்ஸ்’ என்னும் கருவி மிகைக்குறியை அகற்றும்.

நம் நாட்டுக்குரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ‘பாமினி’ எழுத்துருவிற் பதிந்த பெயர், திரையிலே தமிழாயினும் கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துக் கோவையே. யூனிகோட்டிற் பதிந்த அதே பெயருடன் அது ஒருபோதும் ஒத்துவராது. முதலில் அதனை யூனிகோட்டுக்கு மாற்றிய பின்னரே ஒப்பிடுதல் வேண்டும்.

இவ்விரண்டிலும் கருவி பழுதுபடவில்லை. கொடுத்ததைக் கொடுத்தவாறே எண்ணிற்று. ஆதலால் மூலப் பட்டியலின் பிரதியைப் பத்திரப்படுத்திய பின், இரண்டிலும் உண்டென உறுதியாய்த் தெரிந்த ஒரு பெயரைக் கொண்டு முதலிற் சோதித்தல் நன்று. அப்பெயரையே கருவி காணாவிடின், மற்றப் பெயர்களைப்பற்றி அது கூறும் ‘இல்லை’யை நம்புதற்கில்லை. மகளைத் தேடி வாயிலில் நிற்கும் தாய்க்கு மறுமொழி சொல்லுமுன் செய்யவேண்டிய சோதனை இதுவேயாம்.