அலையை எப்போ பிடிக்கணும், எப்போ விடணும்?

திருப்பூர்ல உட்கார்ந்துக்கிட்டு கடல் அலையைப் பத்தி என்ன பேச்சுன்னு கேப்பீங்க. பல்லடம், உடுமலைப் பக்கம் காத்தாடி பாத்து வளர்ந்தவங்கதானே நாம? புதுக் காத்தாடியில காத்து கூடினா இறக்கையோட கோணத்தை கம்ப்யூட்டரே திருப்பிக்கும். அலைக்கும் அப்படி ஒரு மூளை வேணும். ஆனா அது ரொம்பவே சிக்கலானது.

2022 நவம்பர்ல ஐஐடி மெட்ராஸ்ல இருந்து பேராசிரியர் அப்துஸ் சமத் குழு, தூத்துக்குடி கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி ‘சிந்துஜா-1’ங்கிற மிதவையை இறக்கினாங்க. கடலோட ஆழம் அங்க சுமார் 20 மீட்டர். கிடைக்கிற மின்சாரம் 100 வாட். ஆமாங்க, வாட்தான், கிலோவாட் இல்லை. ஒரு பழைய சீலிங் ஃபேன் ஓடி, கொஞ்சம் மிஞ்சும்.

ஊஞ்சலை யோசிச்சுப் பாருங்க. சரியான நேரத்துல தள்ளினா உயரமா போகும், நேரம் தப்பினா நின்னுடும். சின்ன மிதவை வேகமா ஆடும், அலையோ மெதுவா வரும். ரெண்டுக்கும் தாளம் ஒட்டாது. அதனால மிதவை உச்சிக்குப் போய் ஒரு நொடி நிக்கும்போது பிரேக் போட்டு பிடிச்சு வெச்சு, அலையோட விசைக்கு ஒத்துப்போற நேரத்துல விட்டுடறது ஒரு வழி. நார்வேயில புடால், ஃபால்னஸ்னு ரெண்டு பேர் 1970கள்லயே இதுல வேலை செஞ்சிருக்காங்க.

சிக்கல் எங்கன்னா, எப்போ விடணும்னு முடிவு பண்ண, அடுத்த சில நொடியில வரப்போற அலை இப்பவே தெரியணும். அதனால அலையை முன்கூட்டியே கணிச்சு, மிதவை எவ்வளவு தூரம் போகலாம், ஜெனரேட்டர் எவ்வளவு விசை தாங்கும்னு வரம்பு வெச்சு, கணக்கை திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்கற முறையும் வந்திருக்கு.

இன்னொரு முறையில ஜெனரேட்டரே கொஞ்ச நேரம் மோட்டாரா மாறி, கரண்டை உள்ள கொடுத்து, பிறகு அதைவிட அதிகமா திருப்பி வாங்கும். முதல் போட்டு எடுக்கற நம்ம ஊர் கணக்குதான். மெஷின்ல இழப்பு அதிகமா இருந்தா, லாபத்தை வட்டி தின்னுடும்! புயல் வந்தா கதையே வேற. அப்போ கரண்டை மறந்துட்டு மிதவையைக் காப்பாத்தணும்.

இதுக்கு முன்னாடி 1991லயே கேரளாவுல விழிஞ்சத்துல 150 கிலோவாட் அலை மின்நிலையம் வந்துச்சு. அலை ஏறி இறங்கும்போது உள்ள இருக்கற காத்து டர்பைனைச் சுத்தும். காத்து உள்ள வந்தாலும் வெளிய போனாலும் டர்பைன் ஒரே பக்கம்தான் சுத்தும். பின்னாடி அந்த கரண்ட்ல கடல்தண்ணியைக் குடிதண்ணியாவும் மாத்தினாங்க, நம்ம சாயத்தண்ணியைச் சுத்தம் பண்ற அதே ஆர்.ஓ. முறையில. இப்போ அந்த நிலையம் ஓடலை.

என்னைக் கேட்டா, அலை கரண்ட் நம்ம சாயப்பட்டறை பில்லைக் குறைக்கும்னு இப்போதைக்கு நம்ப வேண்டாம். நடுக்கடல்ல கம்பி இழுக்க முடியாத இடத்துல ஒரு சென்சாரும், கரைக்குத் தகவல் அனுப்பற கருவியும் ஓடணும்னா, அங்க 100 வாட் பெரிய விஷயம்.