எல்லையைச் சுற்றி நடந்து பாருங்கள்



பட்டதாரிகளே, இந்தப் புதுச்சேரிப் பக்கத்துக்குக் கல்லூரி புதிதல்ல. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரிலிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிவைத்தார்கள். அந்தச் செப்பேடு 1879-இல் கிடைத்தது. மன்னர் புகழ் எல்லாச் செப்பேட்டிலும் இருக்கும். எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் வரும் பகுதி. கொடுத்த நிலத்துக்குக் கிழக்கெல்லை எது, தெற்கெல்லை எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும். அந்தக் காலத்து வழக்கப்படி ஊரார் எல்லையை நடந்தே சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நடுவார்கள். மன்னன் சொல்லிவிட்டான் என்பதற்காக யாரும் இருந்த இடத்திலிருந்தே எழுதிக்கொள்ளவில்லை.

என் தொழிலும் ஏறக்குறைய அதுதான். கம்பெனிகள் தாங்கள் எவ்வளவு கார்பன் வெளியிட்டோம் என்று கொடுக்கிற கணக்கைப் போய்ப் பார்த்துச் சரிபார்க்கிறேன். பங்குச் சந்தையில் பெரிய 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் இந்தக் கணக்கைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. 2023-24 முதல், முதலில் 150 கம்பெனிகள், பிறகு படிப்படியாக மற்றவை, முக்கியமான எண்களை வெளியார் ஒருவரிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும் என்றும் சொன்னது. வடமங்கலத்தில் இந்துஸ்தான் யூனிலீவர் ஆலை இருக்கிறது, ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். இருக்கிறது. உங்களில் சிலருடைய அண்ணனோ மாமாவோ அங்கே வேலை பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஆலைகளின் மின்சாரமும் எரிபொருளும்தான் அந்தக் கம்பெனிகளின் அறிக்கையில் டன் கணக்காகப் போய் உட்காருகின்றன.

இதில் கணக்குப் போடுவது சுலபம். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் எண் வெளியிடுகிறது. சேதராப்பட்டில் ஒரு சின்னப் பட்டறை வருடத்துக்கு ஒரு லட்சம் யூனிட் ஓட்டினால் 70 டன் என்று எட்டாவது படிக்கும் பிள்ளையே சொல்லிவிடும். ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ. கஷ்டமெல்லாம் எந்த டீசல், யாருடைய டீசல் என்பதில்தான்.

நம் ஊர் நிலவரம் உங்களுக்கே தெரியும். தமிழ்நாட்டைவிட இங்கே டீசல் விலை குறைவு. கடலூர் போகிற லாரியும் விழுப்புரம் போகிற லாரியும் நம் பங்க்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டுதான் போகும். கம்பெனி ஃபைலில் பங்க் பில் மொத்தமாக இருக்கும். அதில் ஜெனரேட்டருக்குப் போனது எவ்வளவு, சொந்த லாரிக்குப் போனது எவ்வளவு, வாடகை லாரிக்குப் போனது எவ்வளவு? சொந்த லாரியென்றால் அது கம்பெனியின் நேரடி உமிழ்வு. வாடகை லாரியென்றால் மூன்றாம் வகை, அதாவது அடுத்தவர் கையால் நடந்தது. லாரியை டிரைவர் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டால் அறிக்கையில் கார்பன் இறங்கிவிடும், புகை இறங்காது. அதனால் நான் பில்லோடு நிற்பதில்லை. ஜெனரேட்டரின் மணி மீட்டரைப் பார்ப்பேன், மின்தடை இருந்த நாட்களோடு ஒப்பிடுவேன், வாட்ச்மேனின் கேட் நோட்டைக் கேட்பேன். பல ஆலைகளில் மிக நேர்மையான ஆவணம் அந்த நோட்டுதான்.

ஏ.சி. மெக்கானிக் கொடுத்த துண்டுச் சீட்டையும் விடாதீர்கள். ஆர்-410ஏ வாயு கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறத்தாழ 2,000 மடங்கு சூடேற்றும். கசிந்துபோன 10 கிலோவை மீண்டும் நிரப்பியிருந்தால் அது 20 டன். நான் சொன்ன பட்டறையின் மூன்று மாத மின்சாரத்துக்கும் மேல். அந்தச் சீட்டு பெரும்பாலும் கணக்குப் பிரிவுக்கே வந்திருக்காது.

பாகூர் ஏரிப் பாசனத்தில் விளையும் நெல்லையும் சொல்லாமல் விட முடியாது. தண்ணீர் கட்டி நிற்கும் வயலிலிருந்து மீத்தேன் வருகிறது. அரிசி ஆலை தன் கணக்கில் கரண்ட்டை மட்டும் காட்டிவிட்டு, நெல் வந்த வயலை எல்லைக்கு வெளியே விட்டுவிடலாம். இன்றைய விதிகளில் பெரும்பாலும் அதற்கு இடமுண்டு. அதற்காக அதை மொத்தக் கணக்கு என்று யாராவது விளம்பரம் செய்தால் நீங்கள் எழுந்து கேட்க வேண்டும்.

சரிபார்ப்பவரை யார் சரிபார்ப்பது என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. ஐ.நா.வின் தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் உலகப் புகழ்பெற்ற சரிபார்ப்பு நிறுவனங்களான டி.என்.வி. 2008-இலும் எஸ்.ஜி.எஸ். 2009-இலும் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டன. பெரிய பெயர் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆலோசனை சொல்லிச் சம்பாதிப்பவரே சான்றும் தரக்கூடாது என்று செபி இப்போது வற்புறுத்துவதும் சரிதான். ஆனால் சப்ளையர்களின் கணக்கை 2025-இல் விருப்பத்துக்கு விட்டதில் எனக்கு உடன்பாடில்லை. சேதராப்பட்டுச் சிறு முதலாளிக்குச் செலவு என்பது உண்மைதான். ஆனால் பெரிய ஆலை வாங்கும் அட்டைப்பெட்டிக்கும் பிளாஸ்டிக் மூடிக்கும் கணக்கில்லாவிட்டால், அதன் கார்பன் தடத்தில் ஒரு பெரிய பங்கு இருட்டில் இருக்கும்.

உங்களுக்கு வேலைக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2023 ஜூன் 28-இல் அறிவிக்கப்பட்ட கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தில் பதிவேட்டை கிரிட் கன்ட்ரோலர் ஆஃப் இந்தியா வைத்திருக்கும். 2025 அக்டோபரில் அலுமினியம், சிமெண்ட், காகிதம், குளோர்-ஆல்கலி ஆகிய நான்கு துறை ஆலைகளுக்கு உமிழ்வு இலக்கு வந்துவிட்டது. இலக்கைத் தாண்டிக் குறைத்தால் கிரெடிட்டை விற்கலாம், குறைக்காவிட்டால் வாங்க வேண்டும். எண்ணுக்குப் பணம் வந்துவிட்டால் எண்ணைத் திருத்தவும் ஆசை வரும். கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கும் பி.காம். முடித்தவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. உண்மையில் பி.காம். பிள்ளைகள் பில்லை மோந்து பார்த்தே பொய் எது என்று சொல்லிவிடுகிறார்கள்.

கடைசியாகக் கல்லூரி முதல்வர் ஐயாவிடம் ஒரு விண்ணப்பம். கல்லூரிப் பேருந்துகளின் டீசல் பில், ஜெனரேட்டர் நோட்டு, ஏ.சி. பழுதுபார்த்த சீட்டு, மூன்றையும் அடுத்த ஆண்டு மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் கணக்குப் போடட்டும், வேறு துறை மாணவர்கள் அதைச் சரிபார்க்கட்டும். பேருந்து கல்லூரியுடையதா, ஒப்பந்தக்காரருடையதா என்ற சண்டை முதல் நாளே தொடங்கிவிடும். அந்த வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டால் வருகிறேன்.