தூங்குகிற குழந்தைக்கு வேகமான கேமரா எதற்கு?



கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று இருந்த படப்பிடிப்புத் தொழிலில் இப்போது பச்சிளங் குழந்தைப் படமும் தனிப் பிரிவாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆன் கெடஸ், பூக்களுக்கும் இலைகளுக்கும் நடுவே குழந்தைகளை வைத்து எடுத்த படங்கள் 1996-இல் ‘டவுன் இன் த கார்டன்’ என்ற புத்தகமாக வந்து உலகெங்கும் பேசப்பட்டன. இன்று நம் ஊர் ஸ்டுடியோ வாசலில் கூடைக்குள் சுருண்டு கிடக்கும் குழந்தைப் படங்களுக்கு அவையும் ஒரு முன்னோடி. இந்தத் தொழிலுக்குள் வர நினைக்கிற இளைஞரோ, வீட்டிலிருந்தே சம்பாதிக்க நினைக்கிற பெண்ணோ முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கேமரா வாங்கலாம்? கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் லட்சத்துக்கு மேலே இருக்கும். அந்தப் பணத்தைக் கடன் வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. அது தேவையில்லை என்பது என் வாதம். காரணம் குழந்தையிடமே இருக்கிறது.

ஒரு கேமராவின் விலை எதற்காக ஏறுகிறது என்று பாருங்கள். நொடிக்கு 20 படம் எடுக்கும் திறமை, ஓடுகிற ஆளைத் துரத்திப் பிடிக்கும் ஃபோகஸ், மழையும் புழுதியும் உள்ளே போகாத உடல்கட்டு, தொடர்ந்து எடுத்தாலும் திணறாத உள்நினைவகம். இவையெல்லாம் கிரிக்கெட் மைதானத்திலும் முதுமலைக் காட்டிலும் தாலி கட்டுகிற அந்த ஒரு நொடியிலும் காசுக்குத் தகுந்தவைதான். பிறந்து பத்து நாளான குழந்தையோ ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது. வைத்த இடத்தை விட்டு நகராது. அரை மீட்டர் நீளம், 3 கிலோ எடை. கேமரா நிறுவனங்கள் விற்பது பெரும்பாலும் வேகத்தை. இந்தக் குழந்தைக்கு வேகம் என்பதே கிடையாது. தூக்கத்தில் முகம் சுளிக்கும், கை திடுக்கென்று தூக்கும், அவ்வளவுதான். நொடியில் 160-இல் ஒரு பங்கு ஷட்டர் அதற்குப் போதும். அதைக் கொடுக்காத கேமரா இன்று கடையிலேயே கிடையாது.

அப்படியானால் குழந்தைப் படத்துக்கு உண்மையில் என்ன வேண்டும்? மென்மையான ஒளி, போதுமான ஒளி. இந்த ஒளியைக் கூட்ட மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் பணத்தோடு சேர்த்து எடைபோட்டால் நமக்கு விடை கிடைத்துவிடும். முதல் வழி, பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமரா. தொடக்கநிலைக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரைவிட அதன் பரப்பு சுமார் இரண்டேகால் மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரை பெரிது. அந்த அளவுக்கே கூடுதல் ஒளி வாங்கும். லென்ஸோடு சேர்த்தால் செலவு லட்சத்தைத் தாண்டும். இரண்டாவது வழி, லென்ஸை மாற்றுவது. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை முழுக்க இழுத்தால் அதன் துவாரம் எஃப் 5.6 வரைதான் திறக்கும். தனியாக விற்கும் 50 எம்எம் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். எண் சிறியதானால் துவாரம் பெரியது. கணக்குப் போட்டால் ஒளி 9 மடங்குக்கும் மேல். விலை பத்தாயிரம் ரூபாய்க்கு முன்பின். மூன்றாவது வழி, அறையின் மறுகோடியில் கிடக்கும் மெத்தையை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுவது. ஒரு மீட்டர் அகல ஜன்னலிலிருந்து நாலு மீட்டர் தள்ளிக் கிடந்த குழந்தை ஒரு மீட்டர் தூரத்துக்கு வந்தால், ஜன்னல் தருகிற ஒளி மட்டும் சுமார் பத்து மடங்கு கூடும். செலவு ஒன்றுமில்லை. அதிகப் பணம் கேட்கிற வழிதான் குறைவாகத் தருகிறது.

எஃப் 1.8 என்று சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் அதைக் கேட்பார்கள். துவாரம் அவ்வளவு திறந்தால் தெளிவாக விழும் ஆழம் குறைந்துபோகும். தொடக்கநிலைக் கேமராவில் 50 எம்எம் லென்ஸைப் போட்டு ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-இல் எடுத்தால் தெளிவான ஆழம் 3 சென்டிமீட்டர்கூட இல்லை. கண்ணிமை தெளிவாக இருக்கும், காது கலங்கிவிடும். ஆகவே எஃப் 2.8-க்கோ 4-க்கோ சுருக்கத்தான் வேண்டும். அப்போது 9 மடங்கு என்பது 4 மடங்காகவும் 2 மடங்காகவும் இறங்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே கேள்வியை முழு ஃபிரேமிடமும் கேட்க வேண்டும். பெரிய சென்சாரில் அதே முகத்தை அதே அளவில் எடுத்தால் தெளிவின் ஆழம் இன்னும் குறைவு. மூக்கிலிருந்து காது வரை துலங்க வேண்டுமென்றால் அங்கே துவாரத்தை மேலும் ஒரு படி சுருக்கியாக வேண்டும். சுருக்கினால், லட்சம் கொடுத்து வாங்கிய அந்த இரண்டேகால் மடங்கு ஆதாயம் அநேகமாக அங்கேயே கரைந்துபோகும். குழந்தைப் படத்தில் முழு ஃபிரேமின் பெருமை பாதியாவது விளம்பரத்தில்தான் இருக்கிறது.

ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் படம் தீர்மானமாகிறது. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ 1956-இல் வந்தது. காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். முற்றத்து வீட்டில் வெளிச்சம் மேலிருந்து நிழலே இல்லாமல் பரவி விழுமே, அதை விளக்கு வைத்து எப்படிக் கொண்டுவருவது? ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி வந்த ஒளியில் படமெடுத்தார். இந்தியத் திரைப்படத்தில் பிரதிபலித்த ஒளியைப் பயன்படுத்தும் முறைக்கு அது பேர்போன முன்மாதிரி. நமக்கு வேண்டியதும் அதே வேலைதான். சாமான்தான் இன்னும் எளிது. நேர்வெயில் விழாத ஜன்னல், வெயில் விழுந்தால் அதன்மேல் ஒரு வெள்ளை வேட்டி, குழந்தைக்கு மறுபக்கம் ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய ஒரு தெர்மாகோல் அட்டை. ஒளி குழந்தையின் தலைப்பக்கமிருந்து சாய்வாக இறங்க வேண்டும். கால்பக்கமிருந்து வந்தால் தாடைக்குக் கீழே வெளிச்சமும் கண்குழியில் விசித்திர நிழலுமாக முகம் கெட்டுவிடும். டியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும். ஜன்னலும் டியூப் லைட்டும் கலந்தால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். நம் வீடுகளில் பச்சையும் ரோஸும் அடித்த சுவர்கள் இன்னொரு தொல்லை. சுவரின் நிறம் குழந்தைமேல் ஏறும்; அதைக் கடைசிவரை கம்ப்யூட்டரில் துடைத்துக்கொண்டிருப்பதைவிட, சுவர்ப்பக்கம் ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கவிடுவது மேல். சேலைத் தூளியில் கிடக்கும் குழந்தைக்கும் இதே சங்கடம் வரும்: துணியை ஊடுருவி வரும் ஒளி மிக அழகாக இருக்கும், ஆனால் சிவப்புச் சேலையாக இருந்தால் குழந்தையும் சிவந்துவிடும். வெளிர்நிறப் பருத்திச் சேலையைக் கட்டச் சொல்லலாம்.

நிறம் என்றதும் ஒன்று. பிறந்த முதல் வாரத்தில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தோலில் சற்று மஞ்சள் தட்டும். ஒரு வெள்ளைத்தாளை வைத்து வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்தால் அறையின் மஞ்சள் போய்விடும்; தோலின் மஞ்சள் அப்படியே தெரியும். அதை அளவோடு குறைக்கலாம். நேரில் பார்க்கவே அதிகமாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட வேண்டும். குழந்தையைச் சிவப்பாக்கிக் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு எந்தக் கேமராவிலும் மருந்து கிடையாது. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் தயவுசெய்து அழிக்காதீர்கள்.

இனி வாங்குகிற விஷயம். கேனன் 1500டி, 200டி, நிக்கான் டி3500 போன்றவை எல்லாம் சுமார் 24 மெகாபிக்ஸல் கேமராக்கள். 12-க்கு 18 அங்குல ஆல்பம் பக்கத்தை மிகத் தெளிவாக அச்சிட 20 மெகாபிக்ஸல் போதும். நிறுவனங்கள் கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்கள் பக்கம் போய்விட்டதால் இந்த வகைகள் பழைய கேமராச் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. வாங்குமுன் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று பாருங்கள். டி3500-இன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. இருபதாயிரத்தில் நிற்பதற்கும் தொண்ணூறாயிரத்தில் நிற்பதற்கும் விலை ஒன்றாக இருக்க முடியாது. லென்ஸின் ஒருபக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஈரப்பதத்தில் அது சகஜம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். நிக்கானில் இன்னொரு எச்சரிக்கை: தொடக்கநிலைக் கேமரா உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ஏஎஃப்-டி என்று எழுதிய பழைய 50 எம்எம் லென்ஸ் அதில் மாட்டும், ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. ஏஎஃப்-எஸ் என்று இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். அறை சின்னதாக இருந்தால் 50-ஐவிட 35 எம்எம் வசதி. ஆனாலும் கிட் லென்ஸை விற்றுவிடாதீர்கள். அது 25 சென்டிமீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும், கால்விரல்களுக்கு அதுவே கைகொடுக்கும்.

செல்போனே போதாதா என்று ஒரு பக்கம் கேட்பார்கள். சொந்தக் குழந்தையை எடுக்கிற பெற்றோருக்குப் போதும். இதே ஜன்னல், இதே தெர்மாகோல். ஆனால் போனின் பிரதான லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. முகத்துக்கு நெருங்கினால் மூக்கு பெரிதாகி நெற்றி விரியும். போர்ட்ரெய்ட் மோடில் பின்னணியைக் கலக்கும்போது குழந்தையின் பூனைமுடியையும் சேர்த்துக் கலக்கிவிடும். காசு வாங்கிக்கொண்டு பெரிதாக அச்சிட்டுக் கொடுப்பவருக்கு இது உதவாது. மறுபக்கம், கண்ணாடியில்லாப் புதுக் கேமராவில் சத்தமே இல்லையே, குழந்தை விழிக்காதே என்பார்கள். குக்கர் விசிலுக்கும் மிக்ஸி ஓசைக்கும் நடுவே தூங்குகிற குழந்தை ஷட்டர் சத்தத்துக்கு எழுந்திருப்பது அபூர்வம். மேலும் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. அந்த வெளிச்சத்தில் சத்தமில்லாத மின்னணு ஷட்டரைப் போட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். குளிர், பசி, ஈரத்துணி, இவைதான் குழந்தையை எழுப்புகின்றன.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: விலை குறைந்த கேமராவில் கார்டு போட ஒரே இடம்தான். கார்டு கெட்டால் பத்தாம் நாள் குழந்தையை மறுபடி எடுக்க முடியாது. உண்மை. அதற்காகக் கேமரா உடலை மாற்ற வேண்டாம்; ஒரு பெரிய கார்டுக்குப் பதில் இரண்டு சின்ன கார்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, அன்றைக்கே இரண்டு இடத்தில் நகலெடுத்து வைத்தால் ஆபத்து பெருமளவு குறையும். பெரிய கேமராவைப் பார்த்தால்தான் வீட்டார் மதிக்கிறார்கள் என்ற புகாருக்கு என்னிடம் பதில் இல்லை, அனுதாபம் உண்டு.

எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1500டி உடல் 475 கிராம், கேனனின் 50 எம்எம் லென்ஸ் 160 கிராம். முழு ஃபிரேமில் 24-70 எஃப் 2.8 லென்ஸ் போட்டால் ஒன்றரை கிலோ. இந்த வேலையில் கேமரா குழந்தையின் முகத்துக்கு நேர்மேலே நிற்கிறது. மலிவான கேமரா இலேசானது என்பது இங்கே பாதுகாப்பு; எதுவானாலும் வார் கழுத்தில் இருந்தாக வேண்டும். பாதுகாப்பு என்றதும் இன்னொன்று: தவளைபோலக் கைகளில் தாடையை ஊன்றி நிற்கும் குழந்தைப் படங்கள் ஒரே சொடுக்கில் எடுத்தவை அல்ல. ஒரு படத்தில் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் கைகளை. கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒட்டி விரல்களை அழிப்பார்கள். அதற்குப் பயிற்சி பெற்ற கையும் பக்கத்தில் ஆளும் வேண்டும், விலை உயர்ந்த கேமரா அல்ல. புதிதாக வருபவர் அந்தப் பக்கமே போகாமல், துணி சுற்றிய குழந்தை, பாட்டி மடி, அம்மாவின் தோள் என்று எடுக்கலாம். நம் ஊரில் தீட்டு கழிந்து, பெயர் வைத்து, தொட்டிலில் போட்ட பிறகுதான் பல வீடுகளில் வெளியாட்களை உள்ளே விடுகிறார்கள்; அதற்குள் சுருண்டு கிடக்கும் பருவமும் தாண்டியிருக்கும்.

அந்த விலை உயர்ந்த கேமரா உடலுக்கும் ஒரு காலம் வரும். ஏழெட்டு மாதத்தில் குழந்தை தவழத் தொடங்கும்; பிறகு எழுந்து நிற்கும், ஓடும். முதல் பிறந்தநாளுக்கு அதே வீட்டார் உங்களைக் கூப்பிட்டால், துரத்திப் பிடிக்கும் ஃபோகஸுக்குக் கொடுக்கிற காசுக்கு அப்போது அர்த்தம் இருக்கும். அதுவரை வந்த வரும்படியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். 50 எம்எம் லென்ஸை மட்டும் கைவிட வேண்டாம். புது உடல் அதே நிறுவனத்தின் கண்ணாடியில்லா வகையாக இருந்தாலும், பொருத்தமான அடாப்டர் போட்டால் அதிலும் வேலை செய்யும்.