நினைவும் யாப்பும்

(கடையநல்லூரில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் அறிஞர்கள் நிறைந்த அவையொன்று கூடியது. அந்த அவையில் நூறு செயல்களை ஒருங்கே கவனித்து விடையிறுக்கும் சதாவதானத்தை நிகழ்த்திக் காட்டினார் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர். அப்போது அவருக்கு வயது 32. அன்று முதல் ‘சதாவதானி’ என்னும் சொல் அவர் பெயரோடு ஒன்றாகிவிட்டது.

அவதானக் கலை இன்னதென்பதை இளைய கவிஞர்களுக்காகச் சற்றே விளக்குதல் நலம். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்வார். மற்றொருவர் பெரிய கணக்கொன்றைத் தொடுப்பார். வேறொருவர் இடையிடையே மணியடிப்பார். இன்னொருவர் அவதானியின் முதுகில் நெல்மணிகளை எறிந்துகொண்டிருப்பார். நிறைவில் வெண்பா தளை தட்டாமல் வந்திருக்க வேண்டும். கணக்கு விடை சரியாயிருக்க வேண்டும். மணியோசை எத்தனை, விழுந்த நெல் எத்தனை என்பனவும் பிழையின்றிச் சொல்லப்பட வேண்டும்.

இத்தகைய ஆற்றலைக் காணும்போது மக்கள் உடனே சொல்வது ஒன்றுதான்: “அது பிறவியிலேயே வந்தது.” புகழ்ச்சியாகச் சொல்லப்படும் இந்த ஒரு வாக்கியத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. மனப்பாடம் வராத பிள்ளையைப் பார்த்து, “இவனுக்கு மண்டையில் ஏறாது, குடும்ப வாகு” என்று தீர்ப்பளிப்பதும் இதே வாக்கியம்தான். நினைவு பிறப்பில் வரும் சொத்தா, பயிற்சியால் எழுப்பப்படும் கட்டடமா என்னும் வினா, ஆகவே, அறிஞர்களின் வாதப்பொருள் மட்டுமன்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழந்தையின் எதிர்காலத்தைத் தொடும் வினாவாகும்.

நினைவைச் சோதனைக்கு உட்படுத்திய முதல் அறிஞர் செருமனி நாட்டு எபிங்கவுசு. பொருளற்ற அசைகளைத் தாமே நெட்டுருச் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கிட்டு 1885இல் நூலாக வெளியிட்டார். கற்ற ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே உழைப்பின் பயனில் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது; அதன்பின் மறதியின் வேகம் தணிகிறது என்பது அவர் கண்ட உண்மை. ஒரே நாளில் பலமுறை உருப்போடுவதைவிட, நாள்களை இடைவிட்டு உருப்போடுவது பெரிதும் பயன் தரும் என்பதையும் அவரே காட்டினார்.

கவிஞர்கள் குறித்துக்கொள்ளத்தக்க மற்றொரு செய்தியும் அந்நூலில் உண்டு. ஆங்கிலக் கவிஞர் பைரனின் காவியத்திலிருந்து 80 அசை கொண்ட பாடற்பகுதிகளை அவர் மனனம் செய்தார். எட்டு ஒன்பது முறை படித்த அளவில் அவை நெஞ்சில் நின்றன. அதே அளவு பொருளற்ற அசைகளுக்கோ 70 முதல் 80 முறை படிக்க வேண்டியிருக்கும் என்று அவர் கணித்தார். பொருளும் சந்தமும் இயைபும் சேர்ந்தால் நினைவின் உழைப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. யாப்பு என்பது அழகுக்காக மட்டும் அமைந்ததன்று என்பதற்கு ஆய்வுக்கூடம் தந்த முதற் சான்று இது எனலாம்.

1956இல் சார்சு மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர், மனம் ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ளும் உருப்படிகள் ஏழை ஒட்டியே அமையும் என்று எழுதினார். பின்னர் 2001இல் நெல்சன் கோவன், சேர்த்துக் கட்டுவதற்கு இடமில்லாதபோது அவ்வெண்ணிக்கை நான்களவே என்றார். குறள் வெண்பாவின் சீர்கள் ஏழு. தமிழ்ச் செய்யுளில் பெருவழக்காய் வரும் அளவடியின் சீர்கள் நான்கு. இவ்வொப்புமை தற்செயலாகவும் இருக்கலாம்; அதை வைத்து மாளிகை கட்ட வேண்டுவதில்லை. ஆனால் மில்லர் கூறிய வேறொன்று தற்செயலன்று. உருப்படிகளின் எண்ணிக்கைக்குத்தான் எல்லை உண்டு. ஒவ்வோர் உருப்படிக்குள்ளும் எவ்வளவு அடைக்கலாம் என்பது பயிற்சியைப் பொறுத்தது. எழுத்து அசையாகி, அசை சீராகி, சீர் அடியாகி, அடி பாவாகும் நம் யாப்பிலக்கணம், சிறியதைக் கட்டிப் பெரியதாக்கும் அந்த வழியையே ஒழுங்காக வகுத்துத் தந்திருக்கிறது.

எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை அழைத்து வரும் தூதுவர்கள். அந்தாதித் தொடையில் ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம். ஒன்றைப் பிடித்தால் மற்றது தானே வரும். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில் பல பொருள் குறிக்கும் சொற்களின் தொகுதி எதுகை முறையிலேயே அடுக்கப்பட்டிருப்பது ஈண்டு நினையத்தக்கது. அகராதியைக் கையில் எடுத்துப் புரட்ட இயலாத காலத்தில், அதனை நாவில் வைத்துப் புரட்டும் வழியைத் தமிழர் கண்டிருந்தனர்.

பயிற்சியின் எல்லை எது? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எரிக்சன், சேசு, பலூன் ஆகியோர் நடத்தி 1980இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. ஒருமுறை கேட்டதும் ஏழு எண்களை மட்டுமே திருப்பிச் சொல்ல வல்ல சாதாரண மாணவர் ஒருவர், 230 மணி நேரத்திற்கும் மேற்பட்ட பயிற்சிக்குப்பின் 79 எண்களைத் திருப்பிச் சொன்னார். அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். கேட்ட எண்களை ஓட்டப் பந்தயங்களின் நேரங்களாக மாற்றிக்கொண்டு கட்டுக் கட்டாக நினைவில் அடுக்கினார். ஆனால் எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தபோது அவருடைய அளவு மறுபடி ஆறுக்கு இறங்கிவிட்டது! வளர்ந்தது பொதுவான நினைவாற்றலன்று. எண்களை அடுக்குவதற்கென்று அவர் கட்டிக்கொண்ட தனிப் பேழையே என்பது தெளிவாயிற்று.

இந்தியாவிலும் ஒரு சான்று உண்டு. 1981இல் மங்களூரில் இராசன் மகாதேவன் என்பவர், வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுக்க வரும் ‘பை’ என்னும் எண்ணின் 31,811 இலக்கங்களை நினைவிலிருந்து ஒப்பித்து உலகச் சாதனை படைத்தார். பின்னர் அவரே உளவியல் பயில அமெரிக்கா சென்றார். கேன்சசு மாநிலப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் அவரை ஆராய்ந்தனர். முதலில் ஆராய்ந்தோர் அவ்வாற்றலின் அடித்தளம் பிறவியிலேயே அமைந்ததென்று கருதினர். 2004இல் எரிக்சன் குழுவினர் அக்கருத்தை மறுத்து, அதுவும் எண்களில் நெடுங்காலம் பழகிப் பெற்றதே என்று விளக்கினர். 1992இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், படங்களில் பொருள்கள் இருந்த இடத்தையும் திசையையும் நினைவுகூர்வதில் அவர் சிறப்பேதும் காட்டவில்லை என்று தெரிந்தது. எண்களில் சிகரம் தொட்டவர் படங்களில் பிறரைப் போன்றவரே.

அவ்வாறாயின் மரபுக்குப் பங்கே இல்லையா? உண்டு. 1869இல் பிரான்சிசு கால்டன் மேதைமை குடிவழியாக வருகிறது என்று நூல் எழுதினார். அவருக்குப் பின் நடந்த இரட்டையர் ஆய்வுகளில், மரபணு முழுதும் ஒத்த இரட்டையர், மரபணுவில் பாதியளவே ஒத்த இரட்டையரைவிட நினைவுத் திறனில் ஒருவரையொருவர் கூடுதலாக ஒத்திருக்கக் காணப்படுகின்றனர். எனினும் இக்கணக்கு, ஒரு சமுதாயத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டைப் பற்றியது. தனியொரு குழந்தை எதுவரை வளரும் என்று சொல்லும் சாதகக் கட்டம் அன்று.

மரபணு விதியன்று என்பதற்கு மருத்துவத்திலும் சான்றுண்டு. 1934இல் நார்வே மருத்துவர் போலிங் கண்டறிந்த நோயொன்றில், புரதத்தின் ஒரு கூறான பினைல் அலனினை உடல் செரித்து மாற்ற இயலாமையால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுகிறது. அது முற்றிலும் மரபுவழி நோய்தான். ஆயினும் பிறந்தவுடன் குருதிச் சோதனையால் கண்டு, உணவை மாற்றினால், அக்குழந்தை பிற குழந்தைகளைப் போலவே வளர இயலும். மரபு வித்தைத் தரும். விளைச்சலோ நீரையும் உழவையும் சார்ந்தது. செய்குத்தம்பிப் பாவலரும் சங்கரநாராயண அண்ணாவியிடம் முறையாகத் தமிழ் பயின்றவர். சென்னையில் அச்சகத்தில் ஏடுகளைப் பிழை திருத்தி எழுத்தெழுத்தாகத் தமிழோடு வாழ்ந்தவர். அந்த உழைப்பை மறைத்து “அருள்” என்று மட்டும் சொல்வது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

பகலில் கற்றது இரவில் எங்கே போகிறது? 1924இல் செங்கின்சு, தாலன்பாக்கு என்னும் இருவர், கற்றபின் விழித்திருப்பதைவிட உறங்கி எழுந்தால் மறதி குறைகிறது என்று காட்டினர். 1994இல் வில்சனும் மக்னாட்டனும் எலிகளின் மூளையை ஆராய்ந்தபோது, விழித்திருக்கையில் இடம் விட்டு இடம் நடந்த வேளையில் ஒன்றாக இயங்கிய நரம்பணுக்களே, பின்பு ஆழ்ந்த உறக்கத்திலும் ஒன்றாக இயங்கக் கண்டனர். மூளையில் கடற்குதிரை வடிவிலுள்ள ஒரு பகுதியில் இது நிகழ்கிறது. பகற்பாடத்தை இரவில் மூளை தானே உருப்போடுகிறது என்று இதனை எளிமையாகச் சொல்லலாம். தேர்வுக்கு முந்திய இரவில் பிள்ளையைக் கண்விழிக்க வைக்கும் பெற்றோர், கற்றதைக் காக்கும் காவலனையே வீட்டைவிட்டு விரட்டுகின்றனர்.

இனிக் குழந்தையிடம் வருவோம். 1986இல் டி காசுப்பர், சுபென்சு ஆகியோர், கருவுற்ற தாய்மாரைக் கடைசி ஆறு வாரங்கள் ஒரே கதையை நாள்தோறும் உரக்கப் படிக்கச் செய்தனர். பிறந்த சில நாள்களிலேயே குழந்தைகள் புதிய கதையைவிட அப்பழைய கதையையே விரும்பிக் கேட்டன. பொருள் அறியாப் பருவத்திலேயே ஓசை உள்ளே இறங்கிவிடுகிறது.

குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கிட்டுப் பாடிய இலக்கிய வகை தமிழில் உண்டு, அதுவே பிள்ளைத்தமிழ். ஐந்தாம் திங்களில் கையூன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் திங்களில் கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டை ஒட்டித் தளர்நடை இட்டு வருவது வருகை. குழந்தை மருத்துவர்கள் இன்று கைக்கொள்ளும் வளர்ச்சிப் படிகள் இவற்றினின்று வெகுதூரம் விலகியவை அல்ல. சுவிட்சர்லாந்து அறிஞர் பியாசே, தாம் நடக்கும்போது நிலாவும் கூடவே நடக்கிறது என்று குழந்தைகள் நம்புவதைப் பதிவு செய்தார். அம்புலிப் பருவம் பாடிய புலவர்களோ நிலாவையே குழந்தையோடு விளையாட அழைத்தனர். திருவைகுண்டத்துக் குமரகுருபரரும் இப்பருவத்தைப் பாடினார். நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியப் புலவர்களும் உளர். சமயம் வேறாயினும் குழந்தையைக் கூர்ந்து நோக்கிய கண் ஒன்றே.

பத்துப் பருவங்களுள் மூன்றாவதான தாலப் பருவம் தாலாட்டுக்கு உரியது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆறு திங்கள், பன்னிரண்டு திங்கள் குழந்தைகள் புதிதாக ஒன்றைப் பார்த்துக் கற்றபின் அரைமணி நேரமேனும் உறங்கினால்தான் அது அவற்றின் நினைவில் நின்றது என்று காட்டுகிறது. இதனைத் தாலாட்டோடு பொருத்திப் பாருங்கள். தாய் சொல்லையும் சந்தத்தையும் தருகிறாள். அவற்றைக் காத்துவைக்கும் உறக்கத்தையும் அவளே தருகிறாள். மூன்று வயதுக்கு முந்திய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் எவர் நினைவிலும் நிற்பதில்லை. எனவே அந்தப் பாட்டை யாரும் நினைவுகூரப் போவதில்லை. ஆனால் அது விட்டுச்சென்ற மொழியில்தான் ஒவ்வொரு கவிஞரும் எழுதுகிறார்.

கடையநல்லூரில் இவ்வுண்மைக்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டுவதில்லை. மதரசாக்களில் திருக்குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் ஏற்றும் பிள்ளைகள், புதுப்பாடத்தோடு பழம்பாடத்தையும் நாள்தோறும் மீள ஓதுகின்றனர். சைவத் திருக்கோயில்களில் ஓதுவார்கள் பண்ணோடு பதிகங்களைப் பாடுகின்றனர். இவர்கள் எல்லாரும் மேதைகளின் வழிவந்தோர் அல்லர். நெசவாளரின் பிள்ளைகளும் கடைக்காரரின் பிள்ளைகளுமே. ஓசை, ஒழுங்கு, இடைவிட்ட மீட்டல், நல்லுறக்கம், பொறுமையுள்ள ஆசான் ஆகிய இவையே அவர்களுடைய மூலதனம்.

பத்தாண்டு கண்ட வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைத்தல் தகும். திங்கள்தோறும் கூடும் கூட்டத்தில், ஏட்டையோ கைப்பேசியையோ பாராமல் ஒரு செய்யுளேனும் நெஞ்சிலிருந்து ஒலிக்கட்டும். அதை ஒப்பிக்க ஒரு குழந்தையையும் அழைக்கட்டும். பொருளைச் சொல்லிக் கொடுத்து, நாள் இடைவிட்டுக் கேட்டு, தடுமாறினால் அடியெடுத்துக் கொடுத்துத் துணைநிற்க வேண்டும். அக்குழந்தை நடுவில் மறந்து நின்றால், “இவனுக்கு வராது” என்ற சொல் மட்டும் இந்த அவையில் எழாதிருக்கட்டும். மறந்த அடியை எடுத்துக் கொடுப்பதற்குத்தான் எதுகை இருக்கிறது. எதுகையும் கைவிட்டால், எடுத்துக் கொடுப்பதற்குப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.