பிள்ளைக்குக் கழிப்பறை பயம் போகணும்
(தியாகதுருகத்தில் குழு உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது)



தூய்மை இந்தியா திட்டம் 2014 அக்டோபர் 2-ல் தொடங்கியது. 12,000 ரூபாய் உதவியோடு கிராமங்களில் வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்தது. ஆனாலும் பல வீட்டில் ரெண்டு வயசுப் பிள்ளை வாசல்லதான் உட்காருது. கேட்டா, "உள்ள கூட்டிப்போனாலே அலறுது" என்கிறீர்கள். சின்னப் பிள்ளைதானே என்று விடாதீர்கள். அதன் மலத்திலும் வயிற்றுப்போக்குக் கிருமி உண்டு.

பிள்ளை அலறுவது அடம் அல்ல, பயம். இருட்டு அறை, நடுவில் குழி. விழுந்துடுவோமோ என்று நடுங்குது. அடித்து உட்கார வைத்தால் மலத்தை அடக்கும். அடக்கினால் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் பயம் இன்னும் கூடும்.

என்ன செய்யலாம்? கைக்குழந்தையில் உங்கள் பாதத்தின் மேல் உட்கார வைத்தீர்களே, அதிலிருந்தே தொடங்குங்கள். வெளியே பாதத்தில் இருந்த மலத்தைப் பிள்ளை பார்க்கவே பேசினில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். சில நாள் கழித்து, கதவைத் திறந்தே வைத்து, ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேசினில் உட்கார வையுங்கள். அழுதால் வெளியே வந்துவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம். "பூச்சாண்டி இருக்கான்" என்று மட்டும் மிரட்டாதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டு ரெண்டு பேரும் கை கழுவுங்கள்.

கீரை, பழம், தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடித்ததும் இதையும் பத்து நிமிஷம் பேசுங்கள்.